கெலி கோர்ஷெவ்: செங்கொடியை வரைந்தவரே சிதைந்த முகத்தையும் வரைந்தது எப்படி?

கேள்வி – வண்ணப்பலகை

அனைவருக்கும் வணக்கம். சோவியத் கால யதார்த்தவாத ஓவியர்களுள் ஒருவரான கெலி மிகைலோவிச் கோர்ஷெவ் (1925–2012) பற்றி இங்குள்ள கலை ஆர்வலர்களிடம் விளக்கம் கேட்க விரும்புகிறேன். ஓவியக் கல்வியில் ஈடுபட்டிருப்பதால் அவருடைய படைப்புகளின் அச்சுப் பிரதிகளைச் சில காலமாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க ஒரு முரண் என்னை அலைக்கழிக்கிறது.

'கொடியை உயர்த்துதல்' என்ற அவருடைய புகழ்பெற்ற ஓவியத்தில், தெருவில் சுட்டு வீழ்த்தப்பட்ட தோழனின் கையிலிருந்து செங்கொடியை ஒரு தொழிலாளி எடுக்கிறான். புரட்சியின் புகழைப் பாடும் படம் அது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. அதை முடித்துச் சில ஆண்டுகளே ஆன நிலையில், அதே கை 'போரின் தடங்கள்' என்ற ஓவியத்தைத் தீட்டியிருக்கிறது. அதில் வெற்றியும் இல்லை, பதக்கமும் இல்லை. முகத்தின் ஒரு பாதி தீயில் வெந்து, ஒரு கண்ணை இழந்த படைவீரன் ஒருவன் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறான். பிற்காலத்திலோ மனிதரும் விலங்கும் கலந்த விகார உருவங்களையும், விவிலியக் காட்சிகளையும், ஸ்பானிய நாவல் நாயகனான, தோல்வியுற்ற டான் கிஹோத்தேயையும் வரைந்திருக்கிறார்.

முதல் வகை ஓவியங்கள் அரசின் தேவைக்காக வரையப்பட்டவை, பிந்தியவைதாம் அவருடைய சொந்தக் குரல் என்று பிரித்துப் பார்ப்பது சரியா? அல்லது ஒரே மனிதரின் ஒரே பார்வைதான் இவை அனைத்திலும் உள்ளதா? சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு ருஷ்ய அரசு அளிக்க முன்வந்த விருதை அவர் மறுத்துவிட்டார் என்றும் படித்தேன். அதன் காரணத்தையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி – நெடுங்கிள்ளி

நல்ல கேள்வி, நண்பரே. கோர்ஷெவின் வாழ்க்கையிலிருந்து தொடங்கினால் விடையின் பெரும்பகுதி தானாகவே தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

அவர் 1925 ஜூலையில் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை மிகைல் கோர்ஷெவ் பூங்காக்களையும் பசுமை வெளிகளையும் வடிவமைத்த நிலக்காட்சிக் கட்டடக் கலைஞர். அத்துறையில் சோவியத் முன்னோடிகளுள் ஒருவர். தாய் ருஷ்ய இலக்கிய ஆசிரியை. 'கெலி' என்ற பெயர் கிரேக்கச் சூரியப் பெயரான ஹீலியோஸிலிருந்து வந்தது. புதிய உலகம் பிறந்துவிட்டது என்று நம்பிய தலைமுறை தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களுள் ஒன்று அது. அந்த நம்பிக்கை அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது. வெளியிலிருந்து யாரும் திணித்ததாக அவர் அதை ஒருபோதும் கருதவில்லை.

1941இல் போர் மூண்டபோது அவருக்கு ஏறக்குறைய பதினாறு வயது. அவர் பயின்ற மாஸ்கோ இடைநிலை ஓவியப் பள்ளியை பஷ்கீரியாவிலிருந்த வொஸ்கிரெசென்ஸ்கொயே என்ற சிற்றூருக்கு இடம் மாற்றினார்கள். ஆகவே போர்முனையை அவர் காணவில்லை. அவரைவிட ஓரிரு வயது மூத்தவர்கள் போய்த் திரும்பாமல் போனதையும், திரும்பியவர்கள் எந்த நிலையில் வந்தார்கள் என்பதையும் கண்டார். அவருடைய போர் ஓவியங்களில் பீரங்கியும் தாக்குதலும் ஏறக்குறைய இடம்பெறாமல், போருக்கு முன்னும் பின்னுமான மனித முகங்களே நிறைந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

1944 முதல் 1950 வரை மாஸ்கோ சூரிகோவ் கலைக் கழகத்தில் பயின்றார்; செர்கேய் கெராசிமோவ் அவருடைய ஆசிரியர்களுள் முதன்மையானவர். பின்பு 1951 முதல் 1958 வரை ஸ்த்ரோகனோவ் கலைப் பள்ளியில் கற்பித்தார். இந்தக் காலத்தில் அவர் வரைந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர் தம்மைக் கண்டடைந்தது 1950களின் இறுதியில்தான்.

1956 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் இருபதாவது மாநாட்டில் அன்றைய சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஸ்டாலின் காலக் கொடுமைகளை வெளிப்படுத்தி உரையாற்றினார். அடுத்த ஆண்டு கோர்ஷெவ் 'கம்யூனிஸ்டுகள்' என்ற முப்பகுதி ஓவியத்தைத் தொடங்கி, 1960இல் முடித்தார். இந்த இரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டாலின் காலத்து அரசு ஓவியங்களில் புரட்சி என்பது மேடை, மாலை, புன்னகை, தலைவரின் வெண்ணிற மேலங்கி என்று ஆகிவிட்டிருந்தது. கோர்ஷெவின் முப்பகுதி ஓவியத்தில் தலைவர் எவரும் இல்லை. அதன் நடுப்பகுதியான 'கொடியை உயர்த்துதல்' ஓவியத்தில் வானம்கூட இல்லை. கருங்கல் பாவிய தெருவும் டிராம் தண்டவாளமும் பின்னணி முழுவதையும் அடைத்து நிற்கின்றன; கீழே ஒருவன் இறந்து கிடக்கிறான்; இன்னொருவன் குனிந்து கொடிக் கம்பைப் பற்றியபடி, படத்துக்கு வெளியே இருக்கும் யாரையோ நிமிர்ந்து பார்க்கிறான். அடுத்த குண்டு தன்னைத் தேடி வரும் என்று அவனுக்குத் தெரியும். கொடியின் சிவப்பைத் தவிர படத்தில் வேறு உரத்த நிறமே கிடையாது.

உலகத் தொழிலாளர் கீதத்தின் பெயரைத் தாங்கிய 'இன்டர்நேஷனல்' என்ற பகுதியில், சுற்றிலும் தோழர்கள் மடிந்து கிடக்க, எஞ்சிய இருவர் முதுகோடு முதுகு சேர்த்து நிற்கிறார்கள்; ஒருவன் கொடியைத் தாங்குகிறான், மற்றவன் எக்காளம் ஊதுகிறான். 'ஹோமர்' என்ற பகுதியில் ஒரு செம்படை வீரன் களிமண்ணில் ஹோமரின் தலையைச் செதுக்கப் பயில்கிறான். (மூன்றனுள் எனக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது இதுவே. கருத்து முன்னே நிற்க, ஓவியம் பின்தங்கிவிட்டதாகத் தோன்றுகிறது.) புரட்சி வென்றது என்று இந்த ஓவியங்கள் முழங்கவில்லை. அதற்காகச் சாதாரண மனிதர்கள் எதைக் கொடுத்தார்கள் என்பதைக் காட்டுகின்றன. அந்த இடத்திலிருந்து 'போரின் தடங்கள்' வரை செல்ல நீண்ட தூரம் நடக்க வேண்டியதில்லை.

மறுமொழி – கரிக்கோல்

நெடுங்கிள்ளி அவர்கள் வாழ்க்கையைச் சொல்லிவிட்டார். நான் வரைபவன் என்ற முறையில், அந்த ஓவியங்கள் எவ்வாறு கட்டப்பட்டுள்ளன என்பதை மட்டும் சொல்கிறேன்; 'ஒரே பார்வையா' என்ற வினாவுக்கு அதிலும் விடை இருக்கிறது.

கோர்ஷெவின் உருவங்கள் கித்தானின் விளிம்பில் வெட்டுண்டு நிற்கும். திரைப்படத்தின் அண்மைக் காட்சியைப் போல மனிதர் நம் முகத்துக்கு மிக அருகில் வந்துவிடுவார், பின்னணி சுருங்கிவிடும். போருக்குப் பிந்திய இத்தாலிய நவ யதார்த்தத் திரைப்படங்களின் தாக்கம் அவரிடம் உண்டு என்று கலை விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். அளவோ பெரியது. 'போரின் தடங்கள்' (1963–64) ஓர் ஒற்றை முகத்தின் ஓவியம். ஆனால் கித்தானின் உயரம் ஏறக்குறைய 2 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். அச்சுப் பிரதியில் பார்க்கும்போது அதை அடையாள அட்டைப் படம்போல் சிறியதாக எண்ணிவிடுகிறோம். மூலத்தின் முன் நிற்பவருக்கு அந்த முகம் தன் முகத்தைப் போலப் பல மடங்கு பெரிதாக எதிரே நிற்கும். அவ்வளவு பெரிய அளவைச் சோவியத் ஓவிய மரபு அதுவரை தலைவர்களுக்கும் தளபதிகளுக்குமே ஒதுக்கி வைத்திருந்தது. பெயரற்ற, ஊனமுற்ற ஒரு படைவீரனுக்கு அதை அளித்ததே கோர்ஷெவ் செய்த பெரிய காரியம்.

வெந்த தோலை அவர் எப்படித் தீட்டியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இரக்கத்தைத் தூண்டும் நிழலோ, மங்கலோ, கண்ணீரோ எதுவும் இல்லை. வெளிர்ந்த பின்னணியில், சீரான வெளிச்சத்தில், முகத்தின் நலமான பாதிக்கும் சிதைந்த பாதிக்கும் ஒரே கவனத்தைச் செலுத்தி, அடர்த்தியான வண்ணத்தில் கட்டியெழுப்பியிருக்கிறார். படைவீரனின் எஞ்சிய கண் எதையும் கேட்கவில்லை. நம்மைப் பார்க்கிறது, அவ்வளவே. சோவியத் படைவீரனை இழிவுபடுத்தும் படம் என்று அன்று அதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். வெற்றி விழாக்களில் தென்படாமல் ஒதுங்கியிருந்த முகங்கள் அவை என்பதால் அந்த எதிர்ப்பு எழுந்தது.

'போர்த் தீயில் கருகியவர்கள்' என்ற அந்த வரிசையிலுள்ள (1962–67) மற்ற ஓவியங்களையும் பாருங்கள். 'பழைய காயங்கள்' என்ற ஓவியத்தில், மனைவி உறங்கிக்கொண்டிருக்க, கணவன் இருளில் விழித்தபடி படுத்திருக்கிறான். போர் முடிந்து இருபதாண்டுகள் கடந்தும் அவனுக்கு உறக்கம் வரவில்லை. அந்த வரிசையின் உச்சம் எது என்று கேட்டால், முகம் சிதைந்த படைவீரனைவிட இந்தப் படத்தையே நான் சுட்டுவேன். காயம் எங்கே இருக்கிறது என்று இதில் நமக்குத் தெரிவதில்லை. 'தாய்' என்ற ஓவியத்தில் கூடுதலாக எதுவும் இல்லை. மகனை இழந்த ஒரு மூதாட்டியும் அவளுடைய கையும் மட்டுமே.

இதே கட்டமைப்பைத்தான் 1959இல் வரைந்த 'காதலர்கள்' ஓவியத்திலும் காண்கிறோம். காதலர் என்றதும் எதிர்பார்க்கப்படும் இளமையும் அழகும் இல்லாமல், வாழ்ந்து களைத்த நடுவயது இணை ஒன்று கரையில் அமர்ந்திருக்கிறது. 1961இல் வரைந்த 'ஓவியர்' படத்தில், ஒரு மேலைநாட்டு நகரின் நடைபாதையில் முழந்தாளிட்டுச் சுண்ணக்கட்டியால் வரையும் கலைஞனைப் பார்க்கிறோம். பொருள் எதுவாயினும் கோர்ஷெவ் மனிதரைத் தரைக்கு அருகில், பளுவோடு, அண்மையில் நிறுத்துகிறார். ஆகவே பார்வை ஒன்றுதான் என்பது என் முடிவு.

மறுமொழி – பாலைத்திணை

மேலே உள்ள இரு மறுமொழிகளையும் மதிப்புடன் படித்தேன். ஆயினும் ஒரு பக்கம் விடுபட்டிருப்பதாகக் கருதுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் இந்த உரையாடல் ஓவியருக்கு நியாயம் செய்தாலும் அந்தக் காலத்துக்கு நியாயம் செய்யாது.

கோர்ஷெவ் ஓரத்தில் நின்ற கலைஞரல்லர். 'கம்யூனிஸ்டுகள்' முப்பகுதி ஓவியம் அவருக்கு நாடறிந்த புகழைத் தந்தது. 1962இல் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் சோவியத் ஒன்றியத்தின் சார்பில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் மாஸ்கோ மனேழ் கண்காட்சிக்கு வந்த குருஷ்சேவ், நவீன பாணி ஓவியர்களை மட்டுமின்றி, பாவெல் நிகோனோவின் 'நிலவியலாளர்கள்' போன்ற உருவ ஓவியங்களையும் கடுமையாகச் சாடினார். நிகோனோவும் விக்தோர் போப்கோவும் கோர்ஷெவின் காலத்தவர்களே. விமர்சகர் அலெக்சாந்தர் காமென்ஸ்கி பின்னாளில் 'கடுமைப் பாணி' என்று பெயரிட்ட, உழைப்பாளரின் கடின வாழ்வை மெருகேற்றாமல் வரைந்த போக்கைச் சேர்ந்தவர்கள். கோர்ஷெவை அந்தப் போக்கின் நெருங்கிய உறவினர் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் சந்தித்த இடர்கள் அவருக்கு நேரவில்லை.

1968 முதல் 1975 வரை அவர் ருஷ்யக் குடியரசின் ஓவியர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1979இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் ஓவியர் என்ற உயர் பட்டத்தைப் பெற்றார். 1974 செப்டம்பர் 15 அன்று, ஒஸ்கார் ராபின் உள்ளிட்ட அதிகாரப்பூர்வமற்ற ஓவியர்கள் மாஸ்கோவின் புறநகர்த் திடலில் தங்கள் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபோது, மண்வாரி இயந்திரங்களையும் தண்ணீர் வண்டிகளையும் கொண்டு அந்தக் கண்காட்சி கலைக்கப்பட்டது. கோர்ஷெவுக்கு அதில் தனிப்பட்ட பங்கு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாருக்குக் காட்சிக்கூடம் கிடைக்கும், யாருக்கு வண்ணமும் பட்டறையும் கிடைக்கும் என்பதைச் சங்க உறுப்பினர் தகுதியே தீர்மானித்த ஓர் அமைப்பின் தலைமையில் அவர் ஏழு ஆண்டுகள் அமர்ந்திருந்தார். அவருக்கு முன்பே கிடைத்திருந்த புகழின் பாதுகாப்பு இல்லாத ஒருவர் 'போரின் தடங்கள்' ஓவியத்தைத் தீட்டியிருந்தால், அதைப் பெரிய கண்காட்சியில் மாட்டியிருப்பார்களா என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். கோர்ஷெவின் நேர்மையை நான் மறுக்கவில்லை. அந்த நேர்மையை வெளிப்படுத்தும் வாய்ப்பு அவருக்கு இருந்தது, பலருக்கு இல்லை என்பதே நான் சொல்ல வருவது.

மறுமொழி – வண்ணப்பலகை

மூவருக்கும் நன்றி. பாலைத்திணை அவர்கள் சொன்னதையும் ஏற்கிறேன். பதவிக் காலத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு இன்னும் விளங்காதது பிற்காலம்தான். புரட்சியையும் போரையும் அவ்வளவு கனத்தோடு வரைந்தவர் விகார உருவங்களையும் ஆதாம் ஏவாளையும் நோக்கித் திரும்பியதை எவ்வாறு புரிந்துகொள்வது? நம்பிக்கையை இழந்துவிட்டார் என்று கொள்வதா?

மறுமொழி – நெடுங்கிள்ளி

பாலைத்திணை அவர்களின் கருத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பதவி உண்மை, அது தந்த பாதுகாப்பும் உண்மை. அதே வேளையில், மாஸ்கோ நகர ஓவியர் சங்கமும், நகர நிர்வாகமும், கட்சியின் பண்பாட்டுத் துறையும் தனித்தனி அதிகாரங்களாக இயங்கின. 1974 நிகழ்வை ருஷ்யக் குடியரசுச் சங்கத் தலைவரின் கணக்கில் எழுத முடியாது. தங்கள் இறுதிக் கேள்விக்கோ, மாட்டியிருக்க மாட்டார்கள் என்றே நானும் விடையளிப்பேன். அந்தப் பொறுப்பு முடிந்த பிறகு கோர்ஷெவ் மெல்ல மெல்லப் பொதுவாழ்வை விட்டு விலகி, பட்டறைக்குள் தங்கிவிட்டார். சங்கத் தலைமையை ஒரு ஏணியாகக் கருதியவர் அப்படி விலகியிருக்க மாட்டார்.

இனி பிற்காலம். 1980களில் அவர் முடித்த இரு ஓவியங்களை முதலில் பார்க்க வேண்டும். 'மேகங்கள், 1945' என்ற படத்தில் போரில் ஒரு காலை இழந்தவர் அமர்ந்து வானத்தைப் பார்க்கிறார். அருகில் ஒரு மூதாட்டி இருக்கிறாள். போர் ஓய்ந்துவிட்டது, மேகம் நகர்கிறது, கால் திரும்பி வரப்போவதில்லை. 'உரையாடல்' என்ற மற்றொரு படத்தில் லெனினும் பார்வையற்ற ஒரு முதிய விவசாயியும் உடன் அமர்ந்திருக்கிறார்கள். லெனினை வரைந்தவர் ஆயிரம் பேர். அவருக்கு எதிரில் பார்வையற்ற ஒரு குடியானவரை அமர்த்தி, அந்த உரையாடல் எட்டியதா எட்டவில்லையா என்பதைப் பார்ப்பவரின் தீர்ப்புக்கு விட்டவர் வேறு எவரும் என் நினைவுக்கு வரவில்லை. 1985இல், அதாவது ஒன்றியம் கலைவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, அது முடிக்கப்பட்டது.

'த்யூர்லிகி' என்று அவர் அழைத்த விகார உயிர்கள் இந்தக் காலத்தில்தான் பெருகுகின்றன. அலகும் கொம்பும் தொப்பையும் கொண்ட அவை உண்கின்றன, கூட்டம் போடுகின்றன, அதிகாரம் செய்கின்றன. தன்னைச் சுற்றி வளர்ந்துவரும் பேராசையையும் வன்மத்தையும் மனித முகத்தோடு வரைய அவருக்கு மனம் வரவில்லை என்றே நான் கருதுகிறேன். மனித உடலை அத்தனை மதிப்போடு வரைந்தவர் அதைக் கேலிச் சித்திரமாக்க விரும்பாமல், அதற்கென்று வேறோர் இனத்தைப் படைத்துக்கொண்டார். இந்த வரிசை எல்லா இடங்களிலும் வெற்றி பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. சில கித்தான்களில் கோபம் மட்டுமே எஞ்சுகிறது.

விவிலிய வரிசை அப்படிப்பட்டதன்று. 1980களின் நடுவில் பெற்றோர் மறைந்த பின் அவர் அதில் ஆழ்ந்தார். 'சொர்க்கத்தை இழந்தவர்கள்' (1998) ஓவியத்தில், வறண்ட நிலத்தின் வழியே ஆதாம் ஏவாளைத் தன் கைகளில் சுமந்து நடக்கிறான். 'ஆதிப் பெற்றோரின் இலையுதிர் காலம்' என்ற படத்தில் அவர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். சோவியத் கனவு சிதைந்த பத்தாண்டில், சொர்க்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மனிதரை ஒரு முதிய சோவியத் ஓவியர் வரைகிறார் என்பதை மறந்துவிட்டு இந்தப் படங்களைப் பார்க்க முடியாது. 'காதலர்கள்' படத்தின் நடுவயது இணைக்கும் இந்த ஆதாம் ஏவாளுக்கும் உள்ள உறவைக் கரிக்கோல் அவர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார். டான் கிஹோத்தேயிடமும் இதே பரிவு இருக்கிறது. அடிபட்டு வீழ்ந்தாலும் தன் கொள்கையை நாணத்துக்குரியதாகக் கருதாத மனிதன் அவன்.

விருது மறுப்பை இதனோடு சேர்த்துப் பாருங்கள். 1990களில் ருஷ்ய அரசு அவருக்கு விருதளிக்க முன்வந்தபோது, தாம் சோவியத் ஒன்றியத்தில் பிறந்து அக்காலத்தின் கருத்துகளை உண்மையாகவே நம்பியவர் என்றும், அவை அனைத்தும் வரலாற்றுப் பிழை என்று இன்று அறிவிக்கப்படுகின்றன என்றும், தாம் வளர்ந்த சமூக அமைப்புக்கு நேர் எதிரான ஓர் அமைப்பிடமிருந்து விருது பெற்றால் தம் கலை வாழ்வு முழுவதையும் தாமே மறுத்ததாக ஆகும் என்றும் அவர் விளக்கமளித்தார். கொள்கையின் மீது கொண்ட பற்றும், அதற்குச் சாதாரண மனிதர் கொடுத்த விலையைக் கணக்கில் எடுக்கும் கண்ணும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. அதனால் நம்பிக்கையை இழந்தார் என்ற சொல்லாட்சியை நான் பயன்படுத்த மாட்டேன். அந்த நம்பிக்கைக்கு உரிய நாடு அவர் கண்முன் இல்லாமல் போயிற்று.

மறுமொழி – கரிக்கோல்

நெடுங்கிள்ளி அவர்கள் என்னைச் சுட்டியதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1990களின் இறுதியில் வரைந்த 'ஆதாம் அந்திரேயெவிச்சும் ஏவா பெத்ரோவ்னாவும்' என்ற ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். முதுமையடைந்த ஒரு ருஷ்யக் கிராமத்து இணையை ஆடையின்றி வரைந்து, தலைப்பில் தந்தை வழிப் பெயரோடு ஆதாம் ஏவாள் என்று மரியாதையாக அழைக்கிறார். தளர்ந்த தோலை அவர் தீட்டியிருக்கும் முறை, முப்பதாண்டுகளுக்கு முன் படைவீரனின் வெந்த கன்னத்தைத் தீட்டிய முறையேதான்: அதே சீரான வெளிச்சம், அதே அடர்ந்த வண்ணம், எதையும் மறைக்காத அதே பொறுமை. அவருடைய நிலைப்பொருள் ஓவியங்களையும் விட்டுவிடாதீர்கள். கோடாரி, மண்சாடி, தேய்ந்த காலணி, அரிவாளும் சுத்தியலும் என்று உழைக்கும் கைகள் பயன்படுத்திய பொருள்களையே அவற்றில் வரைந்திருக்கிறார். மாணவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டுமானால் நான் அவற்றிலிருந்தே தொடங்குவேன்.

மூல ஓவியங்களைப் பார்க்க வாய்ப்புள்ளவர்களுக்கு: 'கம்யூனிஸ்டுகள்' முப்பகுதி ஓவியமும், 'போரின் தடங்க'ளும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள ருஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 'ஓவியர்', 'மேகங்கள், 1945' ஆகியவை மாஸ்கோவின் த்ரெத்யகோவ் கலைக்கூடத்துக்கு உரியவை. அக்கூடம் 2016இல் அவருடைய ஓவியங்களைத் திரட்டிப் பெரிய பின்னோக்குக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. 2019இல் வெனிஸ் காஃபோஸ்காரி பல்கலைக்கழகத்திலும் ஒரு தனிக் கண்காட்சி நடைபெற்றது. அச்சுப் பிரதிகளை மட்டும் வைத்து ஆராய்வோர், ஒவ்வொரு படத்தின் அளவையும் அருகில் குறித்து வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு சட்டகம் வரைந்து பார்ப்பது நல்லது.